திரை முன்னால் இமைக்க மறக்கும் கண்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வயது 38. தினமும் 9 மணி நேரம் லேப்டாப்பில் வேலை, அது முடிந்ததும் ஃபோன். மாலை 4 மணிக்கு மேல் கண் எரிகிறது, மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது, புருவத்துக்கு மேலே வலிக்கிறது. எழுந்துபோய் வெளியே பார்த்தால் தூரத்தில் இருப்பது கொஞ்ச நேரம் மங்கலாகத் தெரிகிறது. கண் கெட்டுப்போகிறதா, நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கலாமா, டேப்லெட்டில் படிக்கும் 8 வயது மகளுக்கு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பார்வையைப் பரிசோதித்துக் கண்ணாடிக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. பல வருடங்களாக அதைத்தான் செய்கிறேன். முதலில் உங்கள் பயத்துக்குப் பதில்: திரையைப் பார்ப்பதால் பெரியவர்களின் கண் நிரந்தரமாகப் பழுதாகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. உங்களுக்கு வருவது களைப்பும் வறட்சியும். இரண்டையும் குறைக்க முடியும். குழந்தையின் விஷயம் வேறு, அதற்குப் பிறகு வருகிறேன். நீல ஒளிக் கண்ணாடியை இப்போதைக்கு வாங்க வேண்டாம். ஏன் என்பதையும் சொல்கிறேன்.

எல்லாத் தொந்தரவையும் 'கண் வலி' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் நீங்கள் எழுதியதில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன. எரிச்சலும் உறுத்தலும் கண்ணின் மேற்பரப்பில் நடப்பவை. புருவ வலியும் தூர மங்கலும் கண்ணுக்குள்ளே இருக்கும் தசையிலிருந்து வருபவை. ஒன்றுக்கான வைத்தியம் மற்றொன்றுக்கு உதவாது. சொட்டு மருந்து விட்டும் தலைவலி போகவில்லை, கண்ணாடி மாற்றியும் எரிச்சல் நிற்கவில்லை என்று அலைபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள்தான்.

எரிச்சலை முதலில் பார்ப்போம். கருவிழியின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய கண்ணீர்ப் படலம் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான் அதன் தடிமன். அடியில் வழுவழுப்பான ஒரு பொருள், நடுவில் நீர், மேலே எண்ணெய். அந்த எண்ணெய்தான் நீர் ஆவியாகாமல் காக்கிறது. இமை ஓரத்தில், ரோமங்களுக்குப் பின்னால் வரிசையாக அமைந்த நுண்ணிய சுரப்பிகள் அதைத் தருகின்றன. மேல் இமையையும் கீழ் இமையையும் சேர்த்தால் ஒவ்வொரு கண்ணுக்கும் 50, 60 சுரப்பிகள் இருக்கும். நாம் முழுதாக இமைக்கும்போதுதான் இமைகள் ஒன்றையொன்று அழுத்தி, சுரப்பியிலிருந்து எண்ணெய் வெளியே வருகிறது. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் பழைய படலம் துடைக்கப்பட்டு, புதியது விரிக்கப்படுகிறது.

சாதாரணமாக ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது நிமிடத்துக்கு 15 முறைக்குக் குறையாமல் இமைப்போம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது 5, 6 முறையாகக் குறைந்துவிடுகிறது. சரி, அதனால் என்ன என்று தோன்றலாம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல கண்ணீர்ப் படலமே இமைத்த பின் 10 விநாடியைத் தாண்டினால் ஆங்காங்கே உடைய ஆரம்பிக்கும். வறண்ட கண்ணில் 5 விநாடியிலேயே உடையும். நிமிடத்துக்கு 5 முறை இமைத்தால், ஒரு இமைப்புக்கும் அடுத்த இமைப்புக்கும் இடையில் 12 விநாடி. அதாவது ஒவ்வொரு முறையும் கடைசிச் சில விநாடிகள் உங்கள் கருவிழி காற்றில் திறந்து கிடக்கிறது. உடம்பிலேயே நரம்புமுனைகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் கருவிழியும் ஒன்று. அது எரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். காலையில் தெரியாத இந்தச் சின்னச் சேதம் மணிக்கணக்காகச் சேர்ந்து, மாலை 4 மணிக்குப் புகாராக வெளியே வருகிறது.

எண்ணிக்கை மட்டும் குறைவதில்லை. திரை முன்னால் பலர் அரைகுறையாகத்தான் இமைக்கிறார்கள். மேல் இமை பாதி தூரம் வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறது. கீழ்ப்பாதிக் கருவிழி துடைக்கப்படுவதே இல்லை, எண்ணெயும் வெளியே வருவதில்லை. பல மாதம் இப்படியே போனால் எண்ணெய் அங்கேயே கெட்டியாகி, சுரப்பியின் வாய் அடைபடலாம். சிலருக்குக் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருக்கும். 'எனக்குத்தான் தண்ணீர் வருகிறதே, எப்படி வறட்சி என்கிறீர்கள்' என்று கேட்பார்கள். மேற்பரப்பு வறண்டு எரிவதால் கண் அவசரத்துக்கு நீரைக் கொட்டுகிறது. அதில் எண்ணெய் போதாது, கண்ணில் தங்காமல் கன்னத்தில் இறங்கிவிடுகிறது.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் முதல் வைத்தியம் முழுதாக இமைப்பது. இமைக்க வேண்டும் என்று நினைவு வைத்துக்கொள்ள யாராலும் முடியாது, வேலை மும்முரத்தில் மறந்துவிடும். அதனால் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் ஏதாவது ஒன்றோடு அதைக் கட்டிவிடுங்கள். மின்னஞ்சலை அனுப்பும்போது, ஒரு பக்கம் திறக்கக் காத்திருக்கும்போது, ஃபோன் அழைப்பை எடுக்கும்போது என்று ஒரு தருணத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்த நேரத்தில் இரண்டு கண்களையும் மெதுவாக மூடி, இரண்டு விநாடி அப்படியே வைத்து, இமைகளை லேசாக அழுத்தித் திறக்க வேண்டும். இதை நான்கைந்து முறை செய்யுங்கள். இரண்டு வாரத்தில் அது பழக்கமாகிவிடும். என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்வதில் மிக அதிகமாகப் பலன் தருவது இதுதான், மிக அதிகமாக அலட்சியப்படுத்தப்படுவதும் இதுதான்.

இரண்டாவது, திரையின் உயரம். கண் நேராகவோ மேல்நோக்கியோ பார்த்தால் இமை அகலமாகத் திறந்திருக்கும், ஆவியாகும் பரப்பு கூடும். கொஞ்சம் கீழ்நோக்கிப் பார்த்தால் மேல் இமை தானாகவே இறங்கிக் கண்ணைக் கொஞ்சம் மூடிக்கொள்ளும். திரையின் மேல் விளிம்பு உங்கள் கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருந்தால் போதும். அப்போது திரையின் நடுப்பகுதி 15 முதல் 20 டிகிரி கீழே வரும், கழுத்துக்கும் அது நல்லது. காற்றையும் கவனியுங்கள். ஏசியின் காற்றோ மின்விசிறியின் காற்றோ நேராக முகத்தில் அடித்தால், எவ்வளவு இமைத்தாலும் ஈடுகட்ட முடியாது. நாற்காலியை ஒரு பக்கம் திருப்பிப் போட்டே எரிச்சல் பாதியாகக் குறைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இமை ஓரம் காலையில் பிசுபிசுப்பாக இருந்தால், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை மூடிய கண்களின் மேல் 10 நிமிடம் வையுங்கள். 40 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இதமான சூடு போதும். துணி ஆறியதும் மறுபடி நனைத்துக்கொள்ள வேண்டும். கெட்டியான எண்ணெய் இளகி வெளியே வரும். சொட்டு மருந்து தேவைப்பட்டால் செயற்கைக் கண்ணீர் என்ற வகையைக் கேட்டு வாங்குங்கள். ஒரு நாளைக்கு 4 முறைக்கு மேல் விட வேண்டியிருந்தால் மருந்து கெடாமலிருக்கக் கலக்கும் பிரிசர்வேட்டிவ் சேர்க்காததாகப் பாருங்கள், ஏனென்றால் அந்தச் சேர்க்கையே கருவிழியின் மேல் தோலை அரிக்கக்கூடும். ஒமேகா 3 மாத்திரையைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். 2018-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், கண் வறட்சிக்கு அது ஆலிவ் எண்ணெய் மாத்திரையைவிடக் கூடுதலாக உதவவில்லை என்று தெரிந்தது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்துகள் ரத்தக் குழாய்களைச் சுருக்கிக் கண்ணை வெள்ளையாகக் காட்டும், மருந்தின் வேகம் இறங்கியதும் முன்னைவிட அதிகமாகச் சிவக்கும். அதைவிட ஆபத்தானது ஸ்டீராய்டு கலந்த சொட்டு. விட்ட மறுநாளே எரிச்சல் மாயமாகிவிடும், அதனால் 'நல்ல மருந்து' என்று மாதக்கணக்கில் தானாகவே வாங்கி விடுகிறவர்கள் உண்டு. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, வலியே இல்லாமல் பார்வை நரம்பு அழியலாம், புரையும் வரலாம். அழிந்த நரம்பு திரும்ப வராது. திரை செய்யாத நிரந்தரச் சேதத்தை இந்தச் சின்னப் புட்டி செய்துவிடும். மருத்துவர் எழுதித் தராமல் தயவுசெய்து தொடாதீர்கள்.

இனி புருவ வலியும் தூர மங்கலும். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸைச் சுற்றி வளையம்போல ஒரு தசை இருக்கிறது. தூரத்தில் பார்க்கும்போது அது ஓய்வில் இருக்கும். அருகில் பார்க்கும்போது இறுகி, லென்ஸைத் தடிமனாக்கி, எழுத்தைத் தெளிவாக்கும். எவ்வளவு உழைக்கிறது என்பதை எளிதாகக் கணக்கிடலாம். 100 என்ற எண்ணை, நீங்கள் பார்க்கும் தூரத்தின் சென்டிமீட்டரால் வகுத்தால் அதுதான் டயாப்டர் (கண்ணாடியின் பவரை அளக்கும் அலகு) கணக்கில் தசையின் உழைப்பு. 50 செ.மீ. தூரத்தில் லேப்டாப் இருந்தால் 2 டயாப்டர். 66 செ.மீ.யில் மானிட்டர் இருந்தால் சுமார் 1.5. படுத்துக்கொண்டு 25 செ.மீ.யில் ஃபோனைப் பார்த்தால் 4. லேப்டாப்புக்குச் செய்ததைப் போல இரண்டு மடங்கு உழைப்பு.

உங்கள் வயதில் அந்தத் தசையும் லென்ஸும் சேர்ந்து கொடுக்கக்கூடிய அதிகபட்சம் சுமார் 6 அல்லது 7 டயாப்டர். அதில் பாதியைத்தான் நீண்ட நேரம் சிரமமில்லாமல் செலவு செய்ய முடியும் என்பது எங்கள் தொழிலில் வழக்கமான கணக்கு. அப்படியென்றால் லேப்டாப் உங்கள் எல்லைக்குள் இருக்கிறது, ஃபோன் எல்லையைத் தாண்டிவிடுகிறது. 9 மணி நேர லேப்டாப்பைக் குற்றம் சொல்கிறீர்கள். எனக்கென்னவோ அதற்குப் பின் வரும் ஃபோன்மீதுதான் அதிகச் சந்தேகம். களைத்த தசையைத்தான் அங்கே மேலும் கசக்குகிறீர்கள். இரண்டு கண்களும் மூக்குப் பக்கம் திரும்பி ஒரே புள்ளியில் நிற்க வேண்டும் என்பதால் வெளியே இருக்கும் தசைகளுக்கும் அதே சுமை. நீண்ட நேரம் இறுகிய உள்தசை உடனே தளராது. எழுந்து வெளியே பார்த்ததும் தூரம் மங்கலாக இருப்பது அதனால்தான். சில நிமிடங்களில் அது சரியாகிவிட்டால் பயப்பட வேண்டியதில்லை.

'20-20-20' என்ற விதியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில், 20 விநாடி பார்ப்பது. அமெரிக்கக் கண் பரிசோதகர் ஜெஃப்ரி ஆன்ஷெல் 1990-களில் பரப்பிய விதி அது. நினைவில் நிற்கட்டும் என்றுதான் மூன்றும் 20 ஆகின. 20 அடி என்பது சுமார் 6 மீட்டர், அந்தத் தூரத்தில் தசை ஏறக்குறைய முழு ஓய்வில் இருக்கும். விதி தவறில்லை. ஆனால் பலர் அந்த 20 விநாடியில் ஃபோனை எடுத்துப் பார்க்கிறார்கள், அது ஓய்வே இல்லை. என்னைக் கேட்டால் இடைவேளையைவிடத் தூரம் முக்கியம். லேப்டாப்பைக் கையை நீட்டினால் எட்டும் தூரத்துக்காவது தள்ளி வையுங்கள். தள்ளினால் எழுத்து தெரியவில்லை என்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். ஃபோனிலும் எழுத்தைப் பெரிதாக்கி 40 செ.மீ. தள்ளிப் பிடித்தால் 4 டயாப்டர் 2.5 ஆகிவிடும். படம் பார்ப்பதாக இருந்தால் பெரிய திரைக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம், மணிக்கு ஒருமுறை நாற்காலியை விட்டு எழுந்து நடங்கள். எழுந்தால் கண் தானாகவே தூரம் பார்க்கும், இமைக்கவும் செய்யும்.

இவ்வளவு செய்தும் புருவ வலி போகவில்லை என்றால் பவரைச் சந்தேகிக்க வேண்டும். அரை டயாப்டர் சிலிண்டர் பவரோ (கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லாததற்கானது) சின்ன பிளஸ் பவரோ (தூரப்பார்வைக்கானது) இருந்தால், தெருவில் நடக்கும்போது ஒன்றும் தெரியாது. 9 மணி நேரம் எழுத்தைப் பார்க்கும்போது அது தலைவலியாகும். 40 வயதை ஒட்டி வெள்ளெழுத்தும் எட்டிப் பார்க்கும், பிளஸ் பவர் மறைந்திருப்பவர்களுக்குச் சற்று முன்னாலேயே வரும். தூரத்திலிருந்து அருகு வரை பவர் படிப்படியாக மாறும் புரோகிரஸிவ் கண்ணாடியை ஏற்கெனவே போடுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. திரை தூரத்துக்கான பவர் அந்தக் கண்ணாடியில் குறுகலான ஒரு பட்டையில்தான் இருக்கும், அதைத் தேடி நாள் முழுக்கத் தாடையை உயர்த்திக்கொண்டே இருப்பார்கள். கழுத்து வலியோடு வந்தவர்களுக்குத் திரை தூரத்துக்கு மட்டும் தனிக் கண்ணாடி கொடுத்து, வலி குறைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது நீல ஒளி. திரையிலிருந்து வரும் நீல ஒளி கண்ணை எரிக்கிறது என்று சொல்லித்தான் அந்தக் கண்ணாடிகள் விற்கப்படுகின்றன. ஆனால் திரையை நாம் பார்ப்பதுபோலவே ஒரு புத்தகத்தையும் இமைக்காமல் அருகில் வைத்துப் பார்த்தால் கண் அதேபோலத்தான் களைக்கும். பகல் வெளிச்சத்தில் இருக்கும் நீல ஒளியோடு ஒப்பிட்டால் திரை தருவது மிகச் சிறிய பங்கு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2023-ல் 17 ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசியது. சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டபோது, திரை பார்ப்பதால் வரும் கண் களைப்பை இந்தக் கண்ணாடிகள் குறுகிய காலத்தில் குறைப்பதாகத் தெரியவில்லை. அவை தடுப்பதே பெரும்பாலும் நீல ஒளியில் 10 முதல் 25 சதவீதம்தான். அமெரிக்கக் கண் மருத்துவர்களின் அகாடமியும் இவற்றைப் பரிந்துரைப்பதில்லை. போட்டதால் கெடுதல் ஒன்றுமில்லை, ஏற்கெனவே வைத்திருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தை முழுமையான ஒரு கண் பரிசோதனைக்குச் செலவிட்டால் உங்களுக்குப் பயன் அதிகம் என்பதுதான் என் கருத்து.

நீல ஒளிக்கு ஒரே ஒரு இடத்தில் உண்மையான வேலை இருக்கிறது: தூக்கம். விழித்திரையில் பார்ப்பதற்காக அல்லாமல், பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் உள்ளன. 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கு அவை அதிகமாக விழித்துக்கொள்ளும், தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பதைத் தள்ளிப்போடும். இரவில் திரையின் வெளிச்சத்தைக் குறைப்பதும், படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஃபோனை வைத்துவிடுவதும் இதற்குப் போதும். தூக்கம் குறைந்த கண் மறுநாள் இன்னும் சீக்கிரம் எரியும்.

திரை அமைப்புகளைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. திரையின் வெளிச்சம் அறையின் வெளிச்சத்தோடு ஒத்துப்போக வேண்டும், இருட்டு அறையில் திரை மட்டும் பளிச்சென்று எரியக் கூடாது. சன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். பின்னால் இருந்தால் திரையில் பிரதிபலிக்கும், எதிரே இருந்தால் கண் கூசும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து எல்லோருக்கும் நல்லதென்று சொல்வதற்கில்லை. கறுப்பில் கண்பாவை விரிவதால், சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு எழுத்தின் ஓரம் கசிந்ததுபோல் தெரியும். உங்களுக்கு எது இதமோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். பெரியவர்களுக்கு நான் தந்த ஆறுதலைக் குழந்தைக்கு அப்படியே தர முடியாது, ஏனென்றால் அவள் கண் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. கண் உருண்டை தேவைக்கு மேல் 1 மி.மீ. நீண்டாலே 2.5 முதல் 3 டயாப்டர் வரை கிட்டப்பார்வை வந்துவிடும். நீண்ட கண் திரும்பச் சுருங்காது. பவர் மிக அதிகமானால் பிற்காலத்தில் விழித்திரை விலகவும், கண் அழுத்த நோய் வரவும் வாய்ப்பு கூடும். 2050-க்குள் உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கிட்டப்பார்வை இருக்கும் என்று 2016-ல் வெளிவந்த ஒரு கணிப்பு சொல்கிறது.

இதில் திரையைவிடப் பெரிய குற்றவாளி, குழந்தை வெளியே போகாமல் இருப்பது. வீட்டுக்குள் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). வெளியே நிழலில் நின்றாலே பல ஆயிரம், வெயிலில் ஒரு லட்சம் வரை போகும். அந்த வெளிச்சத்தில் விழித்திரை டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது என்றும், அது கண் நீள்வதைத் தடுக்கிறது என்றும் விலங்குகளில் நடந்த சோதனைகள் காட்டுகின்றன. சீனாவின் குவாங்ஜோவில் 12 தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2015-ல் வந்தது. பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விளையாட விட்டார்கள். 3 வருடத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். ஒரு மருந்தும் இல்லாமல், விளையாட விட்டதற்கு இவ்வளவு பலன். உங்கள் மகளைத் தினமும் 2 மணி நேரம் வெளியே விடப் பாருங்கள், பள்ளியில் வெளியே இருக்கும் நேரமும் கணக்கில் சேரும். டேப்லெட்டை மேசையில் சாய்த்து நிறுத்தி வைத்தால் முகத்துக்கு அருகே கொண்டுபோக மாட்டாள். அவளுக்கு ஏற்கெனவே மைனஸ் பவர், அதாவது கிட்டப்பார்வை, இருந்தால், அது ஏறுவதை மெதுவாக்கக் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டும், தனி வகைக் கண்ணாடிகளும் இப்போது இருக்கின்றன. மருத்துவரிடம் கேளுங்கள்.

திரையின் தலையில் போடக் கூடாத அறிகுறிகளும் உண்டு. திடீரென்று மின்னல் வெட்டுவதுபோல் தெரிவது, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதப்பது, பார்வையின் ஓரத்தில் திரைச்சீலை இறங்குவதுபோல் மறைப்பது, ஒன்று இரண்டாகத் தெரிவது, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்து கண்ணும் சிவந்து கடுமையாக வலிப்பது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். எரிச்சலோடு வாயும் வறண்டு மூட்டும் வலித்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒவ்வாமைக்குச் சாப்பிடும் மாத்திரைகளாலும் கண் வறளும்.

நீங்களும் மகளும் பரிசோதனைக்குப் போகுமுன், எப்போதும் உட்காரும்படி உட்கார்ந்து, கண்ணுக்கும் லேப்டாப்புக்கும் எத்தனை சென்டிமீட்டர், ஃபோனுக்கு எத்தனை என்று வேறு யாரையாவது டேப் வைத்து அளக்கச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு எண்களைக் கொடுத்தால் உங்கள் தூரத்துக்கு ஏற்றபடி பவர் எழுத முடியும். மகளுக்குக் கட்டாயம் கண்பாவையை விரித்து உள்தசையைத் தளர்த்தும் சொட்டு விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், குழந்தையின் தசை வலுவானது என்பதால் சொட்டு விடாமல் பார்த்தால் இல்லாத மைனஸ் பவரைக் காட்டிவிடும். சொட்டு விட்ட பின் ஒரு நாள் வரைக்கும் அருகில் இருப்பது மங்கலாகவும் வெளிச்சம் கூச்சமாகவும் இருக்கும், அதனால் மறுநாள் பள்ளி விடுமுறையாக இருக்கும் நாளில் அழைத்துப் போங்கள்.